ஓடும் எஞ்சின், நிற்கும் மில்: நாஞ்சில் நாட்டு அரவை மில்களில் பெல்ட் பூட்டலும் கழற்றலும்

ஒரு வீட்டு நெல்லைக் குத்தி முடித்து அடுத்த வீட்டு நெல்லைக் கொட்டும் முன்பு ஹல்லரை நிறுத்தியாக வேண்டும். முந்தைய வீட்டுத் தவிட்டை அள்ள வேண்டும். குருணை கலந்துவிடாமல் அடியைக் கூட்ட வேண்டும். சில சமயம் சல்லடைத் தகட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். நாலைந்து நிமிட வேலைதான். அதற்காக எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. பழைய ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கையால்தான் சுற்ற வேண்டும். வால்வைத் தூக்கிப் பிடிக்கும் நெம்புகோலைத் திருப்பி வைத்துக்கொண்டு, கைப்பிடியை மாட்டி, மூச்சு முட்டச் சுற்றி, பிளைவீல் வேகம் பிடித்ததும் நெம்புகோலை விட வேண்டும். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டால் நல்ல நாள். ஒரு நாளில் இருபது வீட்டு நெல் வந்தால் இருபது முறை இதைச் செய்ய யாராலும் முடியாது.

ஆக, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மில் மட்டும் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பட்டை பெல்ட். அதைப் பூட்டுவதும் கழற்றுவதும் எப்படி என்ற கேள்விக்கு ஏறக்குறைய 150 ஆண்டுகளாக உலகெங்கும் தொழிற்கூடங்கள் விடை தேடியிருக்கின்றன. நம் ஊர் மில்களும் தம் அளவில் தேடின. அந்த விடைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இதை நாஞ்சில் நாட்டிலிருந்து பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல்கள் ஆற்றுக்கால்வாய்த் தண்ணீரில் விளைபவை. 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை அந்தத் தண்ணீரை இன்னும் உறுதியாக்கியது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ விளையும் மண்ணில் தண்ணீர் இறைக்க எஞ்சின் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணற்றுப் பாசனக்காரருக்கு ஆயில் எஞ்சின் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பம்பு. இங்கே மில். இந்த வேறுபாடு சின்னதல்ல. பம்பைக் காலையில் கிளப்பினால் வாய்க்கால் நிறையும்வரை அது ஓடும், பெல்ட்டைத் தொட வேலை இல்லை. மில்லில் அப்படி இல்லை. ஆள் மாறும்போதெல்லாம், தானியம் மாறும்போதெல்லாம் பெல்ட் ஏறி இறங்கியாக வேண்டும். பெல்ட்டோடு மனிதக் கை அதிகம் புழங்கிய இடம் அரவை மில்தான்.

எஞ்சின்களைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற சிற்றூரில் லிஸ்டர் நிறுவனம் 1930ஐ ஒட்டி வெளியிட்ட நிதான டீசல் நம் நாட்டு ஊரக எஞ்சினுக்கு அச்சாக அமைந்தது. நிமிடத்துக்கு 600 சுற்றில் 5 குதிரைத்திறன் தந்த அது, பின்னர் 650 சுற்றில் 6 குதிரைத்திறன் ஆனது. இரண்டு பக்கமும் கனத்த பிளைவீல். விடுதலைக்குப் பின் ராஜ்கோட் பட்டறைகள் அதே அச்சில் எஞ்சின்களை வார்த்துத் தள்ளின. 1946இல் பூனாவில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் தன் வழியில் எஞ்சின்களைச் செய்தது. பெரிய மில்கள் ரஸ்டன் போன்ற படுக்கை எஞ்சின்களை வைத்திருந்தன. பெயர் எதுவானாலும் இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு: கார் எஞ்சினுக்கு இருப்பதுபோலக் கிளட்ச் கிடையாது. பிளைவீலோடு ஒட்டி ஒரு புல்லி, அவ்வளவுதான். எஞ்சின் சுற்றினால் புல்லியும் சுற்றும்.

மில்லுக்குள் அமைப்பு இப்படி இருக்கும். ஒரு மூலையில், பெரும்பாலும் தனித் தடுப்புக்குள், எஞ்சின். அங்கிருந்து ஒரு நீண்ட பெல்ட் சுவர் ஓரமாக ஓடும் ஷாஃப்டைச் சுற்றும். அந்த ஷாஃப்டிலிருந்து ஹல்லருக்கு ஒரு பெல்ட், மாவு அரைக்கும் கல்லுக்கு ஒரு பெல்ட், தென்னை மிகுந்த ஈத்தாமொழிப் பக்கமானால் கொப்பரை ஆட்டும் செக்குக்கோ எக்ஸ்பெல்லருக்கோ இன்னொன்று. 1880களில் பிரேசிலில் காப்பிக் கொட்டையின் தோலை நீக்க எவாரிஸ்டோ எங்கல்பர்க் உருவாக்கிய இயந்திரம்தான் ஊர் ஊராக நெல் குத்திய இந்த ஹல்லர். ஒரே எஞ்சின், மூன்று இயந்திரம். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் எஞ்சின் திணறும். அதனால் ஒன்றை நிறுத்திவிட்டுத்தான் இன்னொன்றைப் பூட்ட முடியும்.

முதல் வழி, எல்லோருக்கும் தெரிந்த வழி, கையாலோ கம்பாலோ தள்ளுவது. கழற்றும்போது கம்பின் நுனியைப் பெல்ட்டின் விளிம்பில் வைத்து அழுத்தினால் அது புல்லியின் ஓரத்துக்கு நகர்ந்து விழுந்துவிடும். பூட்டும்போதுதான் வினை. நிற்கிற ஹல்லரின் புல்லியில் பெல்ட்டை மாட்டிவிட்டு, ஷாஃப்டில் ஓடுகிற புல்லியின் விளிம்பில் பெல்ட்டின் ஓரத்தைக் கொண்டுபோய் வைத்து உள்ளங்கையால் ஒரு தள்ளு. பழகியவர் செய்தால் கண் இமைப்பதற்குள் பெல்ட் ஏறி உட்கார்ந்துவிடும். பார்க்க வித்தை மாதிரி இருக்கும். சிறுவயதில் அம்மை ஊரில் அதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அங்கே டிரைவர் மாமா என்று நாங்கள் அழைத்தவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. வேறொரு மில்லில் போனவை. எங்களைப் பார்த்ததும் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: “மக்கா, பெல்ட்டு போற பக்கம் நிக்காத, வாற பக்கம் கைய வைக்காத.”

அந்த ஒரு வரிக்குள் பெல்ட்டின் இயற்பியல் முழுவதும் இருக்கிறது என்பது பின்னாளில்தான் புரிந்தது. முரண்டு பிடிக்கிற மாட்டின் கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் ஒற்றை ஆளே அடக்கிவிடலாம். ஒரு முனையில் சின்ன இழுப்பு இருந்தால் போதும், தூணைச் சுற்றிய உராய்வு அதை மறுமுனையில் பல மடங்காக்கிவிடும். புல்லியைச் சுற்றிய பெல்ட்டும் அப்படியே. உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், பாதி வட்டம் சுற்றிய பெல்ட்டில் இறுகிய பக்கத்து இழுவை தளர்ந்த பக்கத்தைப்போல 2.6 மடங்குவரை போகும். பெல்ட்டை எட்டு வடிவில் குறுக்கிட்டு, சுற்றிய கோணத்தை 210 பாகையாக்கினால் அது 3 மடங்கு. பாதி ஏறிய பெல்ட் தயங்கி நிற்காமல் வெடுக்கென்று இறுகிக்கொள்வதற்கு இந்தப் பெருக்கம்தான் காரணம். இறுகிய கணத்தில் நடுவில் என்ன இருந்தாலும் அதையும் சேர்த்து இழுக்கும்.

எவ்வளவு விசை, எவ்வளவு வேகம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 650 சுற்றில் ஓடும் எஞ்சின், 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள புல்லி என்று வைப்போம். பெல்ட் நொடிக்கு 8.5 மீட்டர் ஓடும், அதாவது மணிக்கு 31 கிலோமீட்டர். 6 குதிரைத்திறனைக் கடத்தும்போது இரண்டு பக்க இழுவைக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 53 கிலோ எடைக்குச் சமம். இறுகிய பக்கத்தில் 85 கிலோவுக்கு மேல். திடுக்கிட்ட மனிதன் கையை இழுக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் 1.7 மீட்டர் பெல்ட் ஓடியிருக்கும், புல்லி இரண்டு சுற்று முடித்திருக்கும். “கவனமா இருந்தா ஒண்ணும் ஆகாது” என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இங்கேதான் இந்தக் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. பெல்ட்டைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டுமானால் அது புல்லிக்குள் நுழையும் பக்கத்தில்தான் தள்ள வேண்டும். நுழையும் பெல்ட் எந்த இடத்தில் வந்து படிகிறதோ அந்த இடத்திலேயே புல்லியைச் சுற்றும். நுழையும்போது ஒரு விரல்கடை நகர்த்திவிட்டால் அரைச் சுற்றில் பெல்ட் முழுவதுமே ஒரு விரல்கடை நகர்ந்திருக்கும். வெளியேறும் பக்கத்தில் எவ்வளவு தள்ளினாலும் புல்லியின்மேல் இருப்பது நகராது. ஆனால் நுழையும் பக்கம்தான் கையை இழுத்துக்கொள்ளும் பக்கமும். பெல்ட் சொன்னபடி கேட்கும் இடமும் கையைத் தின்னும் இடமும் ஒன்றே. மாமா “வாற பக்கம்” என்று சொன்னது இதைத்தான். இனி வரும் வழிகள் எல்லாமே அந்த இடத்தில் கைக்குப் பதிலாக வேறு எதையாவது நிறுத்தும் முயற்சிகள்தாம்.

அதற்கு முன் புல்லியின் முகத்தையும் சொல்லிவிட வேண்டும். பட்டை பெல்ட் ஓடும் புல்லியைத் தடவிப் பார்த்தால் நடுவில் லேசாக மேடிட்டிருக்கும். மேட்டில் ஓடும் பெல்ட் சரிந்து விழத்தானே செய்யும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். மேட்டின் சரிவில் படியும் பெல்ட் சற்றே வளைந்து, நுழையும் பக்கத்தில் மேட்டை நோக்கிச் சாய்கிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் உயரத்தை நோக்கி ஏறி, நடுவில் நிலைத்துவிடுகிறது. ஓரத்தில் தடுப்பு வைக்காமலே பெல்ட் தன் இடத்தில் ஓடுவது இதனால்தான். பழைய எஞ்சினை வாங்கி அதன் புல்லியைக் கடைசலில் கொடுத்துத் ‘துரு போக’ மட்டமாக்கிவிடுகிறவர்கள், பிறகு பெல்ட் நிற்க மாட்டேன் என்கிறது என்று வருத்தப்படுகிறார்கள். துருவோடு மேடும் போய்விட்டது.

இரண்டாவது வழி, என் கருத்தில் எல்லாவற்றிலும் சிறந்தது: ஃபாஸ்ட் புல்லி, லூஸ் புல்லி. இயந்திரத்தின் ஷாஃப்டில் ஒரே அளவான இரண்டு புல்லிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று சாவியால் ஷாஃப்டோடு இறுக்கப்பட்டது. மற்றது ஷாஃப்டின்மேல் தன்போக்கில் சுற்றுவது. விசை தரும் பக்கத்தில் இந்த இரண்டின் அகலத்துக்கும் சேர்த்து ஒரே அகலப் புல்லி. பெல்ட் லூஸ் புல்லியில் கிடக்கும்போது அதைச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், இயந்திரம் நிற்கும். பக்கத்துப் புல்லிக்குத் தள்ளினால் இயந்திரம் ஓடும். தள்ளுவது கை அல்ல, கவை. இரண்டு இரும்புக் கம்பியோ மரக்குச்சியோ பெல்ட்டின் இரண்டு ஓரத்திலும் கவட்டைபோல நிற்கும். அதன் நீண்ட பிடி மில்காரர் நிற்கும் இடம்வரை வரும். கவை நிற்பது அந்த ஆபத்தான நுழைவாயிலில், மனிதன் நிற்பது நாலடி தள்ளி.

நுட்பங்கள் இதில் நிறைய. கவை நுழையும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது முதல் விதி. எஞ்சினைத் திசை மாற்றி வைத்தாலோ பெல்ட்டைக் குறுக்கிட்டாலோ நுழையும் பக்கம் மாறிவிடும். கவையையும் இடம் மாற்றாவிட்டால் அது வெறும் அலங்காரம். விசை தரும் அகலப் புல்லியின் முகம் மட்டமாக இருக்க வேண்டும். அங்கே மேடு வைத்தால் பெல்ட் இரண்டு இடத்துக்கும் போக மறுத்து நடுவை நாடும். லூஸ் புல்லியை மற்றதைவிட ஒரு நூல் சிறிதாகக் கடைவது நல்ல பட்டறை வழக்கம். ஓய்வில் இருக்கும்போது பெல்ட்டின் இழுவை தளரும், பெல்ட்டும் பேரிங்கும் நீடிக்கும்.

இந்த இரட்டைப் புல்லியை எஞ்சின் பக்கத்தில் வைத்தால் என்ன என்று ஒரு கேள்வி எழும். அப்படி வைத்தால் மில் நிற்கும்போது பெல்ட்டும் நின்றுவிடும், தேய்மானமும் சத்தமும் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிற்கிற பெல்ட்டைக் கவையால் நகர்த்த முடியாது. ஓடுகிற பெல்ட்தான் நகரும். நின்ற பெல்ட்டைக் கையால் இழுத்து ஓடுகிற புல்லிமேல் விட வேண்டிவரும், தப்பித்து வந்த இடத்துக்கே திரும்பிப் போவதுபோல. பெல்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது இந்த அமைப்பின் குறையல்ல, அது இயங்குவதற்கான நிபந்தனை.

உண்மையான குறை வேறு. லூஸ் புல்லியின் உள்துளை தேயும். மில் ஓடும்போது தேய்மானம் இல்லை. நிற்கும்போதுதான் புல்லி ஷாஃப்டின்மேல் சுற்றுகிறது, நிற்கும்போது யார் எண்ணெய் விட நினைப்பார்கள்? எண்ணெய் வற்றிச் சூடேறிய லூஸ் புல்லி ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கும். நிறுத்திவிட்டோம் என்று நினைத்து ஹல்லருக்குள் கை விடும்போது அது மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். ஊர் மில்கள் பலவற்றில் லூஸ் புல்லியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுக் கம்பு வித்தைக்கே திரும்பினார்கள் என்றால், புத்தி இல்லாமல் அல்ல. பித்தளை புஷ் மாற்றக் காசும், பட்டறைக்குப் போய்வர ஒரு நாளும் வேண்டும். அறுவடைக் காலத்தில் அந்த ஒரு நாள் யாரிடமும் இருக்காது. ஆனாலும் ஒரு புஷ்ஷின் விலையையும் இரண்டு விரலின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

இந்தப் பட்டை பெல்ட் உலகத்துக்குப் பொதுச்சொத்து. ஆலைகளில் முதலில் பற்சக்கரமும் கனத்த ஷாஃப்டும்தான் விசையைக் கடத்தின. 1828இல் அமெரிக்காவின் லோவல் நகர நூற்பாலை ஒன்றில் பால் மூடி என்ற பொறியாளர் அவற்றுக்குப் பதிலாகத் தோல் பெல்ட்டைக் கொண்டுவந்தார். அங்கிருந்து பரவிய வழக்கம் தோலிலிருந்து கித்தானுக்கும் ரப்பர் ஏற்றிய கித்தானுக்கும் மாறி நம் மில்களை வந்தடைந்தது. நம்மோடு திருவிதாங்கூரில் இருந்த குட்டநாட்டில், கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களில் நீர் இறைத்த ‘பெட்டியும் பறையும்’ என்ற மரப் பம்பும் பெல்ட்டில் ஓடியதுதான்.

மூன்றாவது வழி, பெல்ட்டை வேண்டுமென்றே தளர்வாக விட்டு, ஒரு சின்ன உருளையால் அதை அழுத்தி இறுக்குவது. உருளை ஒரு நெம்புகோலின் நுனியில் இருக்கும். அழுத்தினால் மில் ஓடும், தூக்கினால் நிற்கும். உருளை தளர்ந்த பக்கத்தில், சிறிய புல்லிக்கு அருகே அழுத்த வேண்டும், அப்போதுதான் பெல்ட் சுற்றும் கோணமும் கூடும். இறுகிய பக்கத்தில் வைத்தால் எஞ்சினே உருளையைத் தூக்கி எறியப் பார்க்கும். இந்த வழியின் நன்மை, இயந்திரம் மெல்லப் பிடிக்கும், வெடுக்கென்று இழுக்காது. தீமை, தளர்ந்த பட்டை பெல்ட் சும்மா இருக்காது. எஞ்சின் புல்லியை உரசி உரசிச் சூடேறும், சில சமயம் தானாகக் கவ்விக்கொள்ளும். இந்த முறைக்கு உண்மையான வாழ்வு வி-பெல்ட் வந்த பிறகுதான் கிடைத்தது. இன்று நாஞ்சில் வயல்களில் இறங்கும் கதிர் அறுக்கும் இயந்திரங்களில், ஒரு நெம்புகோலை இழுத்தால் பாகங்கள் ஓடத் தொடங்குவது பெரும்பாலும் இந்த உருளையின் வேலையே. பழைய வித்தை மூடிக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

உராய்வுக் கிளட்ச் வைத்த புல்லிகளும் உண்டு. உள்ளே மரக்கட்டைகள் விரிந்து புல்லியின் உட்சுவரைப் பிடிக்கும். அமெரிக்கப் பண்ணை எஞ்சின்களில் இவை நிறைய. நம் ஊர் மில்களில் அரிது, விலைதான் காரணம். எஞ்சினையே மரச்சட்டத்தின்மேல் ஏற்றி முன்னும் பின்னும் நகர்த்திப் பெல்ட்டை இறுக்குவது இன்னொரு வழி. அது நாள்தோறும் பூட்டிக் கழற்ற அல்ல, நீண்டுபோன பெல்ட்டைச் சரிசெய்யத்தான் உதவும். பெல்ட் வழுக்கும்போது ஓடும் பெல்ட்டின்மேல் பிசின் பொடியைத் தூவும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வழுக்கலுக்குக் காரணம் தளர்வு. பிசின் அதை மறைக்கும், பெல்ட்டையும் பசையாக்கும். பசையுள்ள பெல்ட் கையை விடாது.

“ஆபத்து என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டால் போயிற்று” என்று சிலர் சொல்வதுண்டு. நிறுத்திப் பாருங்கள். டீசலை அடைத்த பிறகும் பிளைவீல் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். 60 சென்டிமீட்டர் விட்டமும் 100 கிலோ எடையும் உள்ள இரண்டு பிளைவீல்கள், எடையில் பெரும்பகுதி விளிம்பில், வேகம் 650 சுற்று என்று கொண்டால், அவற்றில் தேங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 26,000 ஜூல். உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 50 கிலோ மூட்டை ஒன்றை 50 மீட்டருக்குமேல் தூக்க அது போதும். சுசீந்திரம் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் 134 அடி, அதாவது 41 மீட்டர். கோபுர உச்சியையும் தாண்டி மூட்டையைத் தூக்கிப்போகும் வலிமை, எஞ்சினை ‘நிறுத்திய’ பிறகும் அந்தச் சக்கரங்களில் மிச்சமிருக்கிறது. சேலை முந்தானை சிக்கியவருக்கு அந்த மிச்சம் போதும். பெல்ட்டை லூஸ் புல்லிக்குத் தள்ளினால் பிளைவீலின் பிடியிலிருந்தே இயந்திரம் விடுபட்டுவிடும். ஆகவே நெருக்கடியில் உயிர் காப்பது எஞ்சினின் டீசல் நெம்புகோல் அல்ல, கவையின் பிடி. அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2025வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஏறக்குறைய முழுவதும் இதைப் பற்றியதாகவே இருந்தது. ஃபாஸ்ட் புல்லிக்கும் லூஸ் புல்லிக்கும் இடையே பெல்ட்டை நகர்த்தத் தக்க கருவி இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தவும் வேண்டும். பெல்ட் தானாக ஊர்ந்து ஃபாஸ்ட் புல்லிக்குத் திரும்பாதபடி அந்தக் கருவி அமைந்திருக்க வேண்டும். பயன்படாத பெல்ட்டை ஓடும் ஷாஃப்டின்மேல் தொங்கவிடக் கூடாது. கடைசி விதியின் காரணம் மில்லில் நின்றவர்களுக்குத் தெரியும். ஷாஃப்டில் சும்மா தொங்கும் பெல்ட் திடீரென்று சுருண்டு இறுகி, பக்கத்தில் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போகும். சுவரில் ஒரு மரக்கொக்கி அடித்து அதில் மாட்டிவைத்தால் தீர்ந்தது.

22ஆம் பிரிவு இன்னும் நுணுக்கமாக இருந்தது. ஓடும் இயந்திரத்தில் பெல்ட்டை மாட்டவோ கழற்றவோ வேண்டிவந்தால், தனிப்பயிற்சி பெற்ற, பதிவேட்டில் பெயருள்ள வயதுவந்த ஆண் தொழிலாளி மட்டுமே செய்யலாம். உடலோடு ஒட்டிய உடையை நிறுவனமே அவருக்குத் தர வேண்டும். ஓடும் புல்லியில் அவர் பெல்ட்டைக் கையாள்வதானால் பெல்ட்டின் அகலம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இணைப்பு தோல் வாரால் தைத்ததாகவோ, துருத்தாமல் பெல்ட்டோடு சமமாகவோ இருக்க வேண்டும். புல்லிக்கும் சுவருக்கும் போதிய இடைவெளி, காலூன்ற உறுதியான இடம், ஏணி என்றால் கட்டிவைத்த ஏணி. இதை எழுதியவர்கள் ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். இணைப்பில் துருத்தும் இரும்புக் கொக்கி ஒன்று விரலை எப்படிப் பிடித்து இழுக்கும் என்பது வெறும் ஏட்டறிவில் வராது.

ஆனால் இந்தச் சட்டம் யாருக்கு? மின்விசையோ எஞ்சினோ உள்ள இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கொள்ளப்பட்டது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு அந்த எண்ணை இருபதாக உயர்த்தியது. ஊர் அரவை மில்லில் ஒரு டிரைவர், ஒரு உதவியாள், கணக்குப் பார்க்கும் முதலாளி, அதிகம் போனால் நாலு பேர். பெல்ட்டைப் பற்றி இத்தனை அக்கறையோடு எழுதப்பட்ட விதிகள், பெல்ட்டைக் கையால் தள்ளும் இடங்களுக்கு வந்து சேரவே இல்லை. மாநில அரசு நினைத்தால் சிறிய இடங்களுக்கும் அவற்றை விரிக்கலாம் என்று 1948 சட்டத்தின் 85ஆம் பிரிவு சொன்னது. வழி இருந்தது. கதிரடிக்கும் இயந்திரங்களில் கையிழந்த உழவர்கள் பெருகிய பின்புதான் 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் சட்டம் தனியாக வந்தது. அரவை மில்லுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சட்டம் தொழிலாளியைப் பற்றிப் பேசுகிறது. ஊர் மில்லில் பெல்ட்டின் பக்கத்தில் அதிகம் நின்றது தொழிலாளி அல்ல. அவித்துக் காயவைத்த நெல்லைக் கடவத்தில் சுமந்துகொண்டு வந்து, தன் முறைக்குக் காத்து, தன் தவிடு பக்கத்து வீட்டுக்காரிக்குப் போய்விடாமல் பார்த்துக்கொண்டு நின்ற பெண்கள். அவர்கள் இடுப்பில் பிள்ளைகள். இயந்திரத்துக்கும் அவர்களுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு மூங்கில் தடுப்புக்கூட இருந்ததில்லை. தோளில் கிடக்கும் துவர்த்து, அவிழ்ந்த கூந்தல், முந்தானை, இவை எல்லாம் பெல்ட்டுக்குக் கயிறுகள்தாம். இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை ஒரு கையின் பெருவிரலுக்கு 30 விழுக்காடு, நாலு விரலுக்கு 50 விழுக்காடு என்று உழைப்புத்திறன் இழப்பைக் கணக்கிடுகிறது. நெல் குத்த வந்த பெண்ணுக்கு அந்த அட்டவணையிலும் இடமில்லை, அவள் யாருடைய ஊழியரும் அல்ல.

இந்தக் கதை எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மின்சாரம் வந்தது. திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் பள்ளிவாசலில் ஓடத் தொடங்கியது. நம் மலையிலேயே கோதையாற்று மின்நிலையங்கள் 1970களின் தொடக்கத்தில் வந்தன. முதலில் எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டார் உட்கார்ந்தது, ஷாஃப்டும் பெல்ட்டும் அப்படியே இருந்தன. பிறகு இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று ஆனபோது ஷாஃப்டும் போய்விட்டது. 1917இல் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் உருவாக்கிய வி-பெல்ட் காடிக்குள் ஆப்புப்போல இறங்கி உட்காருவது, அதைப் பக்கவாட்டில் தள்ளவே முடியாது. கவைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மில் நிற்கிறது. இது நல்ல மாற்றம். பழைய பெல்ட்டின் தாளத்தை நினைத்து ஏங்குகிறவர்களில் நானும் ஒருவன்தான், ஆனாலும் அந்தப் பொத்தானை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது பழைய எஞ்சின்கள் வேறு வழியில் திரும்பி வருகின்றன. நிதான டீசல்களைத் தேடி வாங்கி, பிரித்து, புதிய பிஸ்டன் வளையம் போட்டு, பச்சைச் சாயம் அடித்து ஓடவிடும் ஆர்வம் நாடெங்கும் இருக்கிறது. ஓட்டிக் காட்டும்போது வெறும் எஞ்சின் சலித்துவிடும், ஒரு மாவு மில்லையோ பம்பையோ பூட்டத் தோன்றும். அங்கேதான் எனக்குக் கவலை. பிளைவீலின் சாயக்கோட்டுக்கு மூன்று நாள் செலவிட்டவர்கள், கூடி நிற்கும் பிள்ளைகள் முன்னால் உள்ளங்கையால் பெல்ட்டைத் தள்ளிப் பூட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அது பழமையைக் காப்பது ஆகாது. பழைய பட்டறைக்காரர்கள் கண்டுபிடித்துக் கொடுத்த லூஸ் புல்லியும் கவையும் அந்தப் பழமையின் பாகம்தான், அதிலும் அறிவு கூடிய பாகம். எஞ்சினுக்குச் செய்யும் செலவில் சிறு பங்கில் அவற்றைச் செய்துவிடலாம். வார்ப்புப் புல்லி இரண்டு, ஒரு பித்தளை புஷ், கிரீஸ் கப், கவைக்கு இரும்புக் கம்பி, பெல்ட்டைச் சுற்றி ஒரு கம்பிவலைத் தடுப்பு. கவையை நுழையும் பக்கத்தில் வையுங்கள். பூட்டும் முன் எஞ்சினை மெதுவாக்குங்கள். வேட்டியோடு பக்கத்தில் போகாதீர்கள்.

அம்மை ஊர் மில் மூடி நெடுநாளாகிவிட்டது. எஞ்சின் பழைய இரும்புக்குப் போயிற்று. டிரைவர் மாமா தானே செய்து மாட்டிய கவை மட்டும் சுவரோடு நிற்கிறது, பலா மரப் பிடி கைபட்டுக் கைபட்டு வழவழத்துப் போயிருக்கிறது. பிடி நகரும் சட்டத்தில் ஒரே ஒரு துளை, பெல்ட் லூஸ் புல்லியில் நிற்கும் பக்கத்தில். பெல்ட் ஊர்ந்து திரும்பாமலிருக்க அந்தத் துளையில் ஓர் ஆணியைச் செருகிவிட்டுத்தான் அவர் ஹல்லருக்குள் கை விடுவார். ஆணி தொலைந்துவிடக் கூடாதென்று அதைச் சின்னச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். போன முறை போனபோது அதை எடுத்துச் செருகிப் பார்த்தேன். துளை தேய்ந்து பெரிதாகியிருந்தது, ஆணி இன்னும் நின்றது.